மொட்டுக்கு எடை இல்லை

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிளையின் கொட்டகை நிறைய மூட்டைகள் அடுக்கியிருக்கும். வியாபாரிகள் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுப்பார்கள், இழையை இழுத்துப் பார்ப்பார்கள், விலை சொல்வார்கள். சுரபி ஒரு விலை, பி.டி. ஒரு விலை, கழிவான கொட்டுப் பருத்திக்குக் கடைசி விலை. சீட்டில் விவசாயியின் பெயரும் ரகமும் எடையும் இருக்கும். வெடித்த காயிலிருந்து அந்தப் பஞ்சைக் காட்டில் எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயருக்குச் சீட்டில் கட்டம் கிடையாது. இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது ஒரு குறையாகவே வெகுநாள் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தது ஒரு தேநீர். போன தை மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து நான்கு வகை வெள்ளைத் தேநீரைக் குடித்துப் பார்த்தோம். நான், கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் என் தோழி, அவளுடைய மாணவிகள் இருவர், பக்கத்து வீட்டுச் சிலோன் ஆயா. ஆயா 1970களில் கப்பலில் திரும்பி வந்தவர். அதுவரை மலையில் கொழுந்து பறித்தவர்.

எங்கள் பக்கத்தில் டீ என்றால் டஸ்ட் டீ. தொழிற்சாலைச் சல்லடையில் கடைசியாக விழும் தூளைப் பாலில் கொதிக்கவைத்துச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறோம். அதிலும் டீக்கடை ஆண்களின் இடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் கடைக்கு வெளியே நின்றபடி பிள்ளைக்கு ஒரு பன் வாங்கித் தருவாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொல்ல மாட்டாள். சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை வைத்த கடைகளும் இந்தச் சமவெளியில் இருந்தன. ஆகவே ஒரு பானத்தைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து நிதானமாகச் சுவைத்து அபிப்பிராயம் சொல்வது எங்கள் எல்லோருக்குமே புதிதாக இருந்தது.

வெள்ளைத் தேயிலைக்குத் தனிச் செடி இல்லை. கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை எல்லாம் வருகிற அதே தேயிலைச் செடிதான். செய்முறை வேறு. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாடவைத்து, உருட்டி நசுக்கி, காற்றில் நிறம் மாறவிட்டு, சூட்டில் உலர்த்துவார்கள். வெள்ளைக்கு உருட்டலும் நசுக்கலும் கிடையாது. பறித்ததை மெல்லப் பரப்பி வாடவிட்டு உலர்த்துவதோடு சரி. மொட்டின் மேலுள்ள வெண்மையான பூனைமுடி உதிராமல் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். தேயிலை டப்பாக்களில் ‘பெக்கோ’ என்று ஒரு சொல் பார்த்திருப்போம். வெண்முடி என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து வந்தது அது.

இதன் தாயகம் சீனாவின் ஃபூஜியன் மாகாணம். ஃபூடிங், ஜெங்ஹே என்ற இரண்டு ஊர்ப்பக்கங்கள் பேர்போனவை. அங்கே தரம் நான்காகப் பிரியும். மொட்டை மட்டும் எடுத்துச் செய்வது வெள்ளி ஊசி. மொட்டோடு ஓரிரு இளம் இலைகளும் சேர்ந்தால் வெள்ளைப் பியோனி. அதற்கும் கீழே கோங்மெய், ஷௌமெய். முற்றிய இலை கூடக் கூட விலை இறங்கும். இலங்கையில் மொட்டுத் தேயிலையை ‘சில்வர் டிப்ஸ்’ என்கிறார்கள். நீலகிரித் தோட்டங்கள் சிலவும் இப்போது வெள்ளைத் தேயிலை செய்கின்றன. எங்கள் திண்ணையில் ஃபூஜியன் பொட்டலங்கள் இரண்டு, இலங்கையிலிருந்து ஒன்று, நீலகிரியிலிருந்து ஒன்று இருந்தன.

ஃபூடிங் பக்கத்தில் ஒரு பழங்கதை உண்டு. தைமு மலையில் வாழ்ந்த ஒரு பெண், தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு வெள்ளைத் தேயிலையைக் கொடுத்துக் காப்பாற்றினாளாம். பிறகு அவளையே மலைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். நம் ஊர் மாரியம்மனுக்கு அக்கம்பக்கம் நிற்கிற கதை. ஆனால் உலகச் சந்தையில் வெள்ளைத் தேநீரை விற்பது இந்த வைத்தியக்காரியின் கதை அல்ல. விற்பது கன்னிப் பெண்களின் கதை.

சோங் வம்சத்துப் பேரரசர் ஹுயிசோங் தேநீர்ப் பிரியர். தேநீரைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதினார். வெள்ளைத் தேயிலை மற்றவற்றைப் போன்றதல்ல என்று அதில் புகழ்ந்திருக்கிறார். அவர் குடித்தது அவித்து, அச்சில் அழுத்தி, பொடித்துக் கலக்கிய தேயிலை. இன்றைய வெள்ளைத் தேநீர் பல நூற்றாண்டுகள் பிந்தையது. ஆனாலும் வணிகர்கள் அந்த அரசவையைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னிப் பெண்கள் கையுறை அணிந்து, தங்கக் கத்திரிக்கோலால் மொட்டை வெட்டித் தங்கக் கிண்ணத்தில் சேர்த்தார்களாம். அரசர் உதட்டில் படும்வரை அதில் மனிதத் தோல் பட்டதில்லையாம்.

இந்தக் கதையை ஏட்டிலிருந்து எடுத்து நடத்திக் காட்டுகிற இடம் இலங்கையின் தெற்குக் கரையில், அஹங்கமவுக்கு அருகே உள்ள ஹந்துனுகொட தோட்டம். அங்கு செய்யப்படும் தேயிலைக்குப் பெயரே ‘வர்ஜின் ஒயிட் டீ’. பறிக்கும் பெண்கள் கையுறை போட்டுக் கத்திரிக்கோலால் மொட்டை வெட்டுகிறார்கள். மனிதக் கை படாத தேயிலை என்பதே அதன் விளம்பரம். உலகில் விலை உயர்ந்த தேயிலைகளுள் ஒன்றாக அது விற்கப்படுகிறது.

இதைப் படித்துக் காட்டியபோது மாணவிகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண் அவள். மாதவிலக்கான நாளில் கொடிக்காலுக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் கொடி பட்டுப்போகும் என்று அவள் வீட்டில் சொல்வார்கள். ஊறுகாய் ஜாடியையும் துளசியையும் தொடக் கூடாது என்று நாம் எல்லோரும் கேட்டதுதான். “கொடிக்காலில் எங்களை வெளியே நிறுத்துகிறார்கள், அங்கே கையுறை போட்டு உள்ளே விடுகிறார்கள், அவ்வளவுதானே மேடம் வித்தியாசம்?” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெண்ணின் உடல் அழுக்கு என்ற எண்ணமும், கன்னியின் உடல் தூய்மை என்ற எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டும் அவள் கை செய்கிற வேலையைப் பார்ப்பதில்லை. அட்டையும் குளிரும் முள்ளும் அந்தக் கையை என்ன செய்கின்றன என்று கேட்பதில்லை. அந்தக் கையுறை தேயிலையைக் கையிலிருந்து காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டது.

கை படவே இல்லை என்று சொல்லித் தேயிலை விற்கிற தீவில், அந்தத் தொழிலையே உண்டாக்கியவை யாருடைய கைகள்? இந்தக் கேள்வி நம்மைத் திரும்ப இந்தச் சமவெளிக்குக் கொண்டுவருகிறது.

இலங்கையின் தோட்டங்களுக்கு ஆள் கொடுத்த தமிழ் மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை ஆகியவற்றோடு சேலமும் முக்கியமானது. இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் பிரிந்தது. மல்லசமுத்திரம் அன்று சேலம் மாவட்டம். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சம் சேலத்தைச் சுரண்டித் தின்றது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 19.7 லட்சம் பேர் இருந்த மாவட்டத்தில் 1881இல் 16 லட்சம் பேரே மிஞ்சினார்கள். செத்தவர் பாதி, போனவர் பாதி என்று ஊரில் சொல்வார்கள். அப்படிப் போனவர்களில் நிலமில்லாதவர்களும் தீண்டாமைக்கு ஆளானவர்களுமே அதிகம்.

அதே ஆண்டுகளில் இலங்கையில் காப்பி அழிந்துகொண்டிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவ, தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. பெண்களின் வரலாற்றில் இந்த மாற்றத்துக்குத் தனி இடம் உண்டு. காப்பிப் பழத்தை ஆண்டில் சில மாதம் பறித்தால் போதும். அதற்கு ஆண்கள் கூட்டமாகப் போய்த் திரும்பி வந்தார்கள். தேயிலை ஆண்டு முழுக்கத் துளிர்க்கும். சில நாட்களுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து பறிக்க வேண்டும். அதற்கு மலையிலேயே தங்கும் குடும்பங்கள் தேவைப்பட்டன, குறைந்த கூலிக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிப் போனார்கள். தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை கழுத்தில் தொங்கியது. பழைய வடக்குப் பாதையில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களில் பலர் காலராவிலும் தாகத்திலும் வழியிலேயே மாண்டார்கள். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்கள். முன்னோர் விழுந்த பாதை அது.

1927இல் இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம். சட்டமே எழுதிக் கொடுத்த ஏற்றத்தாழ்வு இது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலையேறி, மாலை வரை பறித்துவிட்டு, லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டியவள் பெண். ஆண்களுக்குப் பல வேலைகள் பிற்பகலிலேயே முடிந்துவிடும். சமக் கூலி 1984இல்தான் வந்தது. அந்தக் கூலியையும் பல குடும்பங்களில் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொண்டார்கள். நிறுவனமும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டது.

மலையகத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். குறித்த எடை கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைக் கூலி. சிலோன் ஆயா இதைச் சொன்னபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. உடம்பு முடியாத நாளில், பிள்ளை பெற்ற புதிதில், மழையில் மலை வழுக்குகிற மாதத்தில், அவருக்குப் பாதிப் பெயர்தான் இருந்திருக்கிறது.

எதிர்த்துப் பேசிய பெண்களும் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாடினார், பேசினார். இந்தியர்களின் இலங்கை வாழ்க்கையைப் பற்றி அவர் கட்டிய பாடல்கள் 1940இல் சிறு நூலாக அச்சேறின. நடேசய்யரைத் தெரிந்த அளவுக்கு அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

சேலத்துக்கும் தேயிலைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி நட்டவர். அவருடைய மகள் மார்கரெட் காக்பர்ன் 1863இல் கோத்தகிரியில் ஆல்போர்ட்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பறவைகளையும் செடிகளையும் வண்ணத்தில் தீட்டியவர் அவர். அந்த ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நீலகிரித் தேயிலையின் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார் என்பது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்குப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் நிலமும் நிறமும் உள்ள வீட்டில் பிறந்தது. அவருடைய தோட்டத்தில் குனிந்து பறித்த பெண்களின் பெயர்ப் பட்டியலை யாரும் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவில்லை. பெண் வரலாறு எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1948இல் இலங்கை சுதந்திரமடைந்ததும் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் 1,50,000 பேரின் கதி பிறகு. திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ கழகமானது. பறிக்கத் தெரிந்த கைகள் இங்கும் பறிப்பதற்கே போயின. எங்கள் ஆயா மலைக்குப் போகவில்லை. கணவர் வழிச் சொந்தம் இருந்த இந்த ஊருக்கு வந்து, காட்டில் பருத்தி எடுத்தார்.

இனி அன்று நாங்கள் குடித்ததைச் சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மொட்டின் மென்மை போய்க் கசப்பு ஏறும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று கிராம் இலை, நான்கு நிமிடம். பால் இல்லை, சர்க்கரை இல்லை.

ஃபூஜியன் வெள்ளி ஊசியைக் கண்டதும் முதல் ஏமாற்றம். நிறமே இல்லை, இளநீரில் மஞ்சள் தொட்டதுபோல. வாயில் வைத்த பிறகுதான் வெள்ளரிப் பிஞ்சின் குளிர்ச்சியும், விழுங்கிய பின் தொண்டையில் ஒரு மெல்லிய இனிப்பும் தெரிந்தன. இலங்கை சில்வர் டிப்ஸில் தேன் வாசம் இருந்தது, உடல் சற்றுக் கனம். நீலகிரியில் பூ வாசம். மாம்பூ பூத்த தோப்புக்குள் நுழைந்ததுபோல என்றாள் தோழி. கடைசியாக ஷௌமெய், நான்கிலும் மலிவு. பெரிய இலை, சருகு நிறம். சோளத்தட்டுப் போரின் வாசமும் உலர்ந்த பேரீச்சையின் இனிப்பும் கலந்து, நிறமும் நன்றாக இறங்கியது. இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியும் ருசி நின்றது. ஐவரில் நான்கு பேருக்கு அதுதான் பிடித்தது. விலை வரிசையும் எங்கள் நாக்கின் வரிசையும் ஒத்துப்போகவில்லை.

தேயிலை ருசி பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுவார்கள். காற்றும் நீரும் கலந்து மூக்குவரை ஏறினால்தான் மணம் முழுதும் தெரியும். நீண்ட காலம் ஆண்களே செய்த வேலை அது. ‘பொம்பளப் புள்ள உறிஞ்சிக் குடிக்காதே’ என்று கேட்டு வளர்ந்த நாங்கள் முதலில் கூச்சப்பட்டோம். மூன்றாவது டம்ளரில் ஐந்து பேரும் உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஆயா ஊசி மொட்டுகளை உள்ளங்கையில் கொட்டி வெகு நேரம் பார்த்தார். “மொட்ட மட்டும் கிள்ளுனா கூடை எப்ப புள்ள நெறையும்? மொட்டுக்கு எடையே இல்லையே” என்றார். எனக்கு இந்தக் கட்டுரையைத் தந்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு கிலோ உலர்ந்த தேயிலைக்கு நாலரை, ஐந்து கிலோ பச்சை தேவை. இரண்டு இலையும் மொட்டுமாகப் பறிப்பவளே எடைக்காக ஓட வேண்டியிருக்கிறது. மொட்டு மட்டும் பறிப்பவளின் வேலையைத் தராசு அளக்கவே முடியாது. கண்ணின் கூர்மை, விரலின் பக்குவம், எந்த மொட்டு இன்றைக்கு, எந்த மொட்டு நாளைக்கு என்கிற தீர்ப்பு ஆகியவைதான் விலையை உண்டாக்குகின்றன. ஆனால் பெண்ணின் திறமைக்குத் தோட்டங்கள் சொல்லிவந்த பெயர் ‘மெல்லிய விரல்’. விரல் பிறப்பில் வந்தது என்று சொல்லிவிட்டால் திறமைக்குத் தனியாகக் கூலி தர வேண்டியதில்லை. பருத்திக் காட்டிலும் இதே பேச்சுத்தான்.

1891இல் இலங்கையின் கார்ட்மோர் தோட்டத்துப் பொன்மொட்டுத் தேயிலை லண்டன் ஏலத்தில் ஒரு பவுண்டு எடை 25 பவுண்டுக்கும் மேல் போனது. 2014இல் டார்ஜிலிங்கின் மகைபாரி தோட்டத்தில் பௌர்ணமி இரவில் பறித்த சில்வர் டிப்ஸ் கிலோ 1,850 டாலருக்கு விற்றது. நிலா வெளிச்சத்தைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதியது. பகல் வேலைக்குப் பின் அந்த இரவில் எத்தனை வீட்டில் அடுப்பு யார் மூட்டினார்கள் என்று எழுதிய பத்திரிகையை நான் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டே, 2015 செப்டம்பரில், மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்கள் சங்கத்து ஆண் தலைவர்களையே கிட்டே விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். நாள் கூலி 500 ரூபாய் கேட்ட அடுத்த போராட்டத்தில் 232 ரூபாய் 301 ஆனது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் கை படாத தேயிலை என்று ஒன்று கிடையாது என்பதை நாடே பார்த்தது.

வெள்ளைத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. நல்லதைச் சுவைக்கும் உரிமையைப் பெண்களுக்கு எப்போதும் கடைசியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். குடிப்போம், உறிஞ்சியே குடிப்போம். வாங்கும்போது எந்த மலை, எந்த மாதம் என்று கேட்பதோடு, பறித்தவருக்கு எடைக்குக் கூலியா நாளுக்குக் கூலியா என்றும் கேட்போம். பொட்டலத்தில் கன்னி என்றோ நிலா என்றோ எழுதியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே கேட்போம்.

ஆயாவுக்கு எந்தத் தேநீர் பிடித்தது என்று கடைசியில் கேட்டோம். ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தேயிலையை அறிந்தவர், மொட்டுத் தேயிலையை அன்றுதான் முதன்முதலாகக் குடித்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றவர் வெள்ளி ஊசி டம்ளரை இன்னொரு முறை நீட்டினார். நிறைய ஊற்றினோம்.